மழை பெஞ்சா கெடு தானா நீளுமா? அரசு கட்டுமான ஒப்பந்தங்களின் ‘வானிலை’ விதி என்ன?

“மழை வந்துடுச்சு, அதான் வேலை லேட்.” பாலம், கால்வாய், மெட்ரோ என எந்த அரசுப் பணி இழுத்தாலும் நம் காதில் விழும் பதில் இதுதான். இந்தக் காரணம் ஒப்பந்தத்தில் செல்லுமா?

வடசென்னையின் டோல்கேட்டையே எடுத்துக்கொள்வோம். வண்ணாரப்பேட்டை - விம்கோ நகர் மெட்ரோ நீட்டிப்புக்கு 2016 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. டோல்கேட் வழியாக ரயில் ஓடியது 2021 பிப்ரவரி 14-ல். நீளம் சுமார் 9 கி.மீ. இடைப்பட்ட நாலரை வருஷத்தில் வர்தா புயல் (2016 டிசம்பர்), கொரோனா ஊரடங்கு (2020), நிவர் புயல் (2020 நவம்பர்) எல்லாம் வந்து போயின. இதில் எதற்கெல்லாம் ஒரு கான்ட்ராக்டர் கூடுதல் நாள் கேட்க முடியும்?

வழக்கமான மழைக்கு நாள் கிடையாது

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். டெண்டர் போடும் நிறுவனத்துக்கும் தெரியும். அதனால்தான் பல டெண்டர்களில் பணிக்காலம் ‘மழைக்காலம் உட்பட’ என்றே இருக்கும்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது நிபந்தனைகள் ‘வழக்கத்துக்கு மாறான மோசமான வானிலை’க்குத்தான் கால நீட்டிப்பு தருகின்றன. உலக அளவில் பயன்படும் ஃபிடிக் ஒப்பந்த மாதிரியும், அனுபவமுள்ள கான்ட்ராக்டர் எதிர்பார்த்திருக்க முடியாத வானிலையா என்றுதான் பார்க்கிறது.

2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.-ஐத் தாண்டி மழை கொட்டியது. அந்த மாதத்தின் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இது வழக்கத்துக்கு மாறானது. நவம்பரில் நாலு நாள் தூறினது அப்படி இல்லை.

எதையெல்லாம் நிரூபிக்கணும்?

* வானிலை ஆய்வு மையத்தின் மழை அளவு. நுங்கம்பாக்கத்தில் கொட்டிய மழை டோல்கேட்டிலும் கொட்டியிருக்கணும்னு அவசியம் இல்லை. பணியிடத்துக்குப் பக்கத்து அளவுதான் பேசும்.
* எந்த வேலை நின்றது? பலத்த காற்றில் கிரேன் இயக்க முடியாது. தூணுக்குத் தோண்டிய குழியில் தண்ணீர் நின்றால், மழை விட்ட பிறகும் அதை இறைக்க நாள் ஆகும். ஆனால் அந்த வேலை நின்றதால் மொத்தப் பணியின் முடிவு தள்ளிப்போனதா என்பதே முக்கியம்.
* தடங்கல் பதிவேடு. என்றைக்கு நின்றது, என்றைக்குத் தொடங்கியது என்று அன்றன்றைக்கே எழுதணும்.
* உரிய நேரத்தில் கடிதம். மத்தியப் பொதுப்பணித் துறை விதியில் 14 நாள், ஃபிடிக்கில் 28 நாள். பணி முடியும்போது “அப்போ மழை சார்” என்றால் எடுபடாது.

நாள் கிடைக்கும், பணம்?

வானிலைக்குப் பொதுவாக நாள் மட்டும்தான், நஷ்டஈடு இல்லை. அரசு நிலத்தை ஒப்படைக்கத் தாமதித்தால் கதை வேறு. அங்கே கான்ட்ராக்டர் பணமும் கேட்கலாம்.

ஆனால் அந்த நாளுக்கே பெரிய மதிப்பு உண்டு. ஓர் உதாரணம்: 100 கோடி ரூபாய் பணி 5 மாதம் தாமதம். அபராதம் மாதம் 1% என்று வைத்துக்கொள்வோம். 2 மாதம் மழைக்காக ஏற்கப்பட்டால், மீதி 3 மாதத்துக்கு 3 கோடி அபராதம். ஐந்து மாதத்தையும் ‘மழை’ கணக்கில் எழுதிவிட்டால் அபராதம் பூஜ்யம். நஷ்டம் மக்கள் பணத்துக்கு.

அதே சமயம் நியாயமான நாட்களை மறுத்தாலும் ஆபத்து. விவகாரம் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போய், வட்டியோடு அரசே கட்ட வேண்டி வரலாம்.

கொரோனாவில் என்ன நடந்தது?

2020 மே 13-ல் மத்திய நிதி அமைச்சகம், ஒப்பந்தங்களுக்கு 3 முதல் 6 மாதம் வரை அபராதம் இல்லாமல் நீட்டிப்பு தரலாம் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை: 2020 பிப்ரவரி 19-ம் தேதி நிலவரப்படி கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தை மீறியிருக்கக் கூடாது. ஏற்கெனவே தவறியவர் பேரிடருக்குப் பின்னால் ஒளிய முடியாது என்பதே இதன் பொருள். புயலுக்கும் இதே நியாயம்தான்.

நாம என்ன கேட்கலாம்?

தடுப்பு வைத்த சாலையில் வியாபாரம் படுத்த கடைக்காரருக்கு எந்த ஒப்பந்தமும் கூடுதல் நாள் தருவதில்லை. ஆனால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேட்கலாம்: மொத்தம் எத்தனை நாள் நீட்டிப்பு? அதில் மழைக்கு எத்தனை? தடங்கல் பதிவேட்டின் நகல் எங்கே?

மழை உண்மையிலேயே வேலையை நிறுத்தியிருந்தால், அந்தப் பதிவேட்டில் தேதியோடு இருக்கும்.