மறதியும் மனிதரும் – 12: நேற்றைய அவரே அளவுகோல்

டவுன் சிண்ட்ரோம் என்றதும் நம் மனத்தில் வருவது ஒரு குழந்தையின் முகம்தான். பேச்சுப் பயிற்சி, சிறப்புப் பள்ளி, ஆண்டு விழா மேடையில் ஆடும் பிள்ளைகள் என்று அந்த நினைப்பு பதினெட்டு வயதோடு நின்றுவிடுகிறது. ஐம்பது வயதில் அவர் எப்படி இருப்பார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் நெடுங்காலம் இருக்கவில்லை. 1983-இல் அமெரிக்காவில் அவர்களுடைய சராசரி ஆயுள் 25 ஆண்டுகள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள். அதைக் கைக்குழந்தையிலேயே அறுவை சிகிச்சை செய்து சரிப்படுத்தும் வழக்கம் பரவியது. பெரிய காப்பகங்களில் அடைத்துவைப்பது குறைந்தது. ஆயுள் 60-ஐ நெருங்கியது. அப்படிப் போராடிப் பெற்ற ஆண்டுகளில்தான் அல்சைமர் வந்து சேர்கிறது. அயர்லாந்தில் மேரி மெக்கேரனும் அவரது குழுவினரும் 35 வயதைத் தாண்டிய 77 டவுன் சிண்ட்ரோம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தக் காலத்துக்குள் இரண்டு பேரைத் தவிர எல்லோருக்கும் டிமென்ஷியா வந்திருந்தது, சராசரியாக 55 வயதில். இத்தொடரில் இதுவரை அல்சைமரைப் பெரும்பாலும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்களின் நோயாகவே பார்த்து வந்தோம். இவர்களுக்கு அது பத்துப் பதினைந்து ஆண்டுகள் முந்தி வருகிறது. அநேகமாக எல்லோருக்கும் வருகிறது.

காரணம் மர்மமானதல்ல. 1984-இல் கலிபோர்னியாவில் ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வாங்கும் அல்சைமர் நோயாளிகளின் மூளை உறையிலிருந்த ரத்தக் குழாய்களிலிருந்து ஒரு புரதத் துணுக்கைப் பிரித்தெடுத்தார்கள். இன்று நாம் பீட்டா அமிலாய்டு என்று சொல்வது அதைத்தான். அதே ஆண்டு, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் மூளையிலும் அதே புரதம் படிந்திருப்பதைக் கண்டு, இதற்கான மரபணு 21-ஆம் குரோமோசோமில் இருக்கலாம் என்று ஊகித்தார்கள். 1987-இல் ஏபிபி என்ற அந்த மரபணு அங்கேயே அகப்பட்டது. மற்றவர்களுக்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டு, இவர்களுக்கு மூன்று. அமிலாய்டும் அந்த அளவுக்கு அதிகமாக உருவாகி, நாற்பது வயதுக்குள் ஏறக்குறைய எல்லோர் மூளையிலும் படிந்துவிடுகிறது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கிட்டத்தட்ட ஐயமின்றி நிறுவியது. 78 வயதில் இறந்த ஒரு பெண்ணுக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தது. ஆனால் அவருடைய கூடுதல் குரோமோசோம் முழுமையானதல்ல. ஏபிபி மரபணு இருக்க வேண்டிய பகுதி அதில் இல்லை. அவர் மூளையில் அல்சைமரும் இல்லை. இன்று உலகம் முழுவதும் அமிலாய்டைக் குறிவைத்து மருந்து தேடும் முயற்சியின் அடித்தளத்தில் இவர்களுடைய மூளைகள் இருக்கின்றன. இதை நாம் போதிய அளவு சொல்வதில்லை.

அப்படியிருந்தும், நினைவாற்றல் மருத்துவமனையின் வாசலிலேயே இவர்கள் தடுக்கப்படுகிறார்கள். தடுப்பது அங்கே பயன்படும் கேள்வித்தாள். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லுங்கள், இன்று என்ன தேதி, இந்த ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள் என்று கேட்டு முப்பதுக்கு மதிப்பெண் போடும் எம்எம்எஸ்இ தேர்வை எடுத்துக்கொள்வோம். இருபத்தைந்து வயதில், நல்ல உடல்நலத்தோடு, தானே பேருந்தேறி வேலைக்குப் போய் வரும் டவுன் சிண்ட்ரோம் இளைஞரே அதில் குறைந்த மதிப்பெண் வாங்கக்கூடும். ஐம்பது வயதிலும் அதே குறைந்த மதிப்பெண் வந்தால் மருத்துவர் எதை அறிந்துகொள்வார்? எதையும் அறிய முடியாது. போதாததற்கு, நோயின் முதல் அடையாளமே இவர்களிடம் வேறாக இருக்கிறது. பலருக்கு மறதிக்கு முன்பாகவே குணம் மாறுகிறது. ஆர்வமாகச் செய்த வேலையைத் தொட மறுக்கிறார், வரிசையாகச் செய்ய வேண்டிய காரியத்தில் பாதியில் நின்றுவிடுகிறார், காரணமில்லாமல் கோபப்படுகிறார். சிலருக்கு நடுவயதில் புதிதாக வலிப்பு வருகிறது. வீட்டில் இதை அடம் என்கிறார்கள், சோம்பல் என்கிறார்கள். மருத்துவரோ, “இவர்களுக்கு இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். பிறவியிலேயே உள்ள குறைபாடு, புதிதாக வந்த நோயைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

ஆகவே இவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டு அளப்பதில் பொருளில்லை. ஒவ்வொருவரையும் அவருடைய நேற்றோடுதான் ஒப்பிட வேண்டும். முப்பது, முப்பத்தைந்து வயதில், எல்லாம் நன்றாக இருக்கும்போதே, அவரால் எதெல்லாம் முடிகிறது என்று எழுதிவைக்க வேண்டும் என்பதே என் வாதம். சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறாரா, டீ போடும்போது எந்தப் படியையும் விடாமல் செய்கிறாரா, கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்க்கிறாரா, சித்தப்பா பிள்ளைகளின் பெயரெல்லாம் சொல்கிறாரா என்று எழுதலாம். கைபேசியில் ஐந்து நிமிடம் படமெடுத்தும் வைக்கலாம். நாற்பதுக்குப் பிறகு ஆண்டுதோறும் அதையே திரும்பச் செய்து பார்க்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறைபாடு இத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கிறார்கள். அவரால் என்ன முடியும் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. இன்றைக்கு அந்தப் பதிவு இருப்பது தாயின் மனத்தில் மட்டும்தான். பிள்ளைக்கு ஐம்பது ஆகும்போது தாய்க்கு எழுபத்தைந்தோ எண்பதோ ஆகியிருக்கும். அவர் இறந்து, அண்ணன் வீட்டுக்கோ விடுதிக்கோ போய்ச் சேர்ந்த ஒருவரிடம் எது புதிய மாற்றம், எது பழைய இயல்பு என்று சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை. மாற்றம் தொடங்கும் வயதும் அந்தச் சாட்சியை இழக்கும் வயதும் ஒன்றாகவே வருகின்றன.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இப்போதுதான் ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் வந்துவிட்டனவே. குடும்பத்தார் குறிப்பெழுதிக்கொண்டு ஏன் உட்கார வேண்டும்? இந்தப் பரிசோதனைகள் மதிப்புள்ளவை என்பதில் சந்தேகமில்லை. பார்சிலோனாவில் ஹுவான் ஃபோர்டியாவின் குழு, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, அறிகுறி தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மாற்றங்கள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் தொடங்கிவிடுவதைக் காட்டியது. ஆனால் நாற்பதில் ஏறக்குறைய எல்லோர் மூளையிலும் அமிலாய்டு இருக்கிறது என்றால், அது இருப்பதைக் கண்டுபிடிப்பதால் மட்டும் இவருடைய இன்றைய தடுமாற்றம் எதனால் என்று தெரிந்துவிடாது. தைராய்டு சுரப்புக் குறைவு, கண்புரை, காது மந்தம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, மனச்சோர்வு எல்லாமே டவுன் சிண்ட்ரோமில் அதிகம். எல்லாமே டிமென்ஷியா போலத் தோன்றக்கூடியவை. பெரும்பாலும் மருத்துவத்துக்குக் கட்டுப்படுபவை. ஸ்கேனை மட்டும் நம்பினால் தைராய்டு மாத்திரையில் தேறக்கூடியவரையும் அல்சைமர் நோயாளி என்று கைவிட நேரும். எப்போது மாறினார், எதில் மாறினார், மெல்ல மாறினாரா சட்டென்று மாறினாரா என்பதைப் பழைய பதிவு ஒன்றுதான் சொல்லும்.

குணப்படுத்த முடியாத நோயை முன்கூட்டித் தெரிந்து என்ன பயன், பெற்றோருக்கு இன்னொரு பயம்தானே என்பது அடுத்த கேள்வி. இதைக் கேட்பவர்கள் அன்பால் கேட்கிறார்கள். அதனால் இதை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. ஆனாலும் தெரியாமலிருப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். செய்ய முடியாத வேலைக்காகத் திட்டு வாங்குபவர் அவர். படி இறங்கப் பயந்து நிற்கும்போது பிடித்து இழுக்கப்படுபவர் அவர். நோய் என்று தெரிந்த வீட்டில் திட்டுவது நிற்கும், படிக்கட்டில் கைப்பிடி வரும், வலிப்புக்கு மருந்து கிடைக்கும், அடுத்த பத்தாண்டு யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பெற்றோர் இருக்கும்போதே பேசி முடிக்க முடியும்.

மருந்துச் சோதனைகளிலும் இதே அளவுகோல்தான் இவர்களை வெளியே நிறுத்தியது. அமிலாய்டை அகற்றும் லெகானெமாப் மருந்தின் பெரிய சோதனையில் சேர எம்எம்எஸ்இ தேர்வில் 22-க்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். அதே வகை மருந்தான டோனானெமாபின் சோதனைக்குக் குறைந்தபட்ச வயதே 60. சராசரியாக 55-இல் நோய்க்கு ஆளாகும் ஒருவர் இந்த இரண்டு வாசலிலும் நுழைய முடியாது. இவர்களுடைய மூளை ரத்தக் குழாய்களில் அமிலாய்டு அதிகம், இந்த மருந்துகளால் ரத்தக் கசிவு நேரலாம், எனவே விலக்குவதே பாதுகாப்பு என்கிறார்கள். அபாயம் உண்மையானது. ஆனால் அது இவர்களுக்கென்று தனியாக, குறைந்த அளவில், நெருங்கிய கண்காணிப்போடு சோதிக்கச் சொல்லும் காரணமே ஒழிய, சோதிக்காமலே விடச் சொல்லும் காரணம் ஆகாது. மற்றவர்களிடம் கிடைத்த முடிவை அப்படியே இவர்களுக்குப் பொருத்தவும் கூடாது. அல்சைமருக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெமான்டின் மாத்திரையைப் பிரிட்டனிலும் நார்வேயிலும் நாற்பதைத் தாண்டிய 173 டவுன் சிண்ட்ரோம் நபர்களிடம் ஓராண்டு சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். பலன் எதுவும் தெரியவில்லை. தனியாகச் சோதித்ததால்தான் அது தெரிந்தது. இப்போது அமிலாய்டுக்கு எதிரான தடுப்பூசி ஒன்றை இவர்களிடமே சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் பலன் உண்டா என்று பார்க்கவும் ஒவ்வொருவருடைய தொடக்க நிலையும் பதிவாகியிருக்க வேண்டும்.