சிட்சை: ஒரு சொல், இரு பொருள்

வடமொழியினின்று பிற மொழிகள் பெற்ற சொற்கள் நாடெங்கும் ஒரே பொருளைத் தரும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஒலி ஒன்றாயிருப்பதனாலேயே பொருளும் ஒன்றாகிவிடுவதில்லை. ‘சிட்சை’ என்னும் சிறு சொல்லை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

இந்தியிலும் வங்காளத்திலும் ‘சிக்ஷா’ என்றால் கல்வி. மராத்தி, கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளிலோ அது வழக்கில் தண்டனையையே குறிக்கும். கல்வியை மராத்தியர் ‘சிக்ஷண்’ என வேறாக வழங்குவர். 1860ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2024 ஜூன் முடிய நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தை மலையாளத்தில் ‘சிக்ஷா நியமம்’ என்றும், தெலுங்கில் ‘சிக்ஷா ஸ்மிருதி’ என்றும் அழைத்தனர். இந்தி மட்டும் அறிந்தவர் இப்பெயர்களைக் கேட்பின், பள்ளிக்கூடங்களுக்குரிய சட்டம் என்றே கருதுவார்.

இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? இச்சொல்லின் வேர், சக்தி என்னும் சொல்லுக்கும் வேரான ‘சக்’ என்பதாகும். ஆற்றல் பெற விழைதல் என்பது முதற்பொருள். அதினின்று கற்றல், கற்பித்தல் என்னும் பொருள்கள் தோன்றின. வேதாங்கங்கள் ஆறனுள் ஒலிப்பு முறையைக் கற்பிப்பதற்கும் சிட்சை என்றே பெயர். கற்பிப்போன் கண்டித்துத் திருத்துபவனாகவும் இருந்தமையால், கண்டிப்பும் நாளடைவில் இச்சொல்லுள் புகுந்தது எனலாம். தமிழில் இரு பொருளும் உண்டு. இசை பயில்வோர் ஆசிரியரிடம் ‘சிட்சை’ பெறுவர்; தமிழ் விவிலியத்தில் அது கண்டித்துத் திருத்துதலைக் குறிக்கும். ‘அவனுக்கு ஒரு பாடம் கற்பிக்கிறேன்’ என்று சினந்து கூறும்போது நாமும் அவ்வழியிலேயே செல்கிறோம் அன்றோ?

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நமக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தியில் ‘சிக்ஷா கா அதிகார்’ என வழங்குகிறது. இந்திக்கும் மராத்திக்கும் எழுத்து ஒன்றே. ஆதலின், அச்சொல்லை மாற்றாமல் மராத்தியில் எடுத்து வைப்பது எளிது. அவ்வாறு வைத்தால், படிக்கும் பெற்றோருக்கு அது ‘தண்டனை உரிமை’ என்றே தோன்றும். அச்சட்டத்தின் 17ஆம் பிரிவோ, பள்ளிப் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. பிள்ளையைக் காக்க எழுந்த சட்டம், ஒரு சொல்லின் மயக்கத்தால் அதனை அச்சுறுத்துவதாகிவிடலாகாது.

ஆகவே, பழகிய சொல் பிறமொழியில் எதிர்ப்படும்போது, அங்குள்ளோர் அதனை எப்பொருளில் வழங்குகின்றனர் என்று கேட்டறிந்த பின்னரே எழுதுதல் நலம்.