திருநெல்வேலிச் சொதி

திருநெல்வேலிச் சொதி என்பது தேங்காய்ப்பாலில் காய்கறிகளையும் பாசிப்பருப்பையும் சேர்த்துச் செய்யப்படும் ஒரு சைவக் குழம்பு ஆகும். தமிழ்நாட்டின் தென்பகுதியில் உள்ள திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இது ஒரு சிறப்பு உணவாகக் கருதப்படுகிறது. திருமணத்தைத் தொடர்ந்து நடைபெறும் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறப்படுவதால் இது மாப்பிள்ளைச் சொதி எனவும் அழைக்கப்படுகிறது.

புளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் ஆகியவை இதில் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. எனவே சொதி வெண்ணிறமாகவோ இளமஞ்சள் கலந்த வெண்ணிறமாகவோ காணப்படும். காரம் பச்சை மிளகாயிலிருந்தும் இஞ்சியிலிருந்தும், புளிப்பு எலுமிச்சைச் சாற்றிலிருந்தும் கிடைக்கின்றன. தேவைப்படும் பொருட்கள் எளிதில் கிடைப்பவையே. எனினும் அவற்றைச் சேர்க்கும் வரிசை மாறினால் தேங்காய்ப்பால் திரிந்து குழம்பு கெட்டுவிடும். சொதியின் செய்முறை முழுவதும் தேங்காய்ப்பால் திரியாமல் காப்பதை மையமாகக் கொண்டு அமைந்துள்ளது.

பெயரும் பரவலும்

சொதி என்னும் பெயர் தமிழகத்தின் தென்பகுதியிலும் இலங்கையிலும் வழங்குகிறது. எனினும் இரு இடங்களிலும் உணவு ஒன்றல்ல. இலங்கைத் தமிழரின் சொதி நீர்த்தன்மை மிகுந்தது. மஞ்சள் சேர்ப்பதால் மஞ்சள் நிறமுடையது. வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்துத் தேசிக்காய்ப் புளி விட்டு இது செய்யப்படுகிறது. இடியப்பம், புட்டு ஆகியவற்றுடன் அன்றாடம் உண்ணப்படுகிறது. மீன் சேர்த்துச் செய்யும் மீன் சொதியும் அங்கு உண்டு. சிங்களவர் இதையொத்த உணவைக் கிரி ஹொதி என்பர்.

திருநெல்வேலிச் சொதியோ பருப்பும் பலவகைக் காய்களும் சேர்ந்த கெட்டியான குழம்பு. இது சோற்றுடன் உண்ணப்படுகிறது. அன்றாட உணவாக அல்லாமல் விருந்துணவாகவே அமைகிறது.

திருநெல்வேலிச் சீமைக்கும் இலங்கைக்கும் இடையே தூத்துக்குடித் துறைமுகம் வழியாக நெடுங்காலமாக வணிகத் தொடர்பு இருந்து வந்தது. 1906 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடியது இத்தொடர்புக்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

சொதியில் இன்று சேர்க்கப்படும் உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே இவை இந்தியாவில் பரவின. ஆகவே சொதியின் இன்றைய வடிவம் அதற்குப் பிற்பட்ட காலத்தைச் சேர்ந்தது எனலாம்.

தென்காசி வட்டாரமும் சொதியும்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. நிர்வாகம் பிரிந்தாலும் உணவுப் பழக்கம் பொதுவானதே என்பதால், தென்காசியிலும் குற்றாலத்திலும் இது திருநெல்வேலிச் சொதி என்றே அறியப்படுகிறது.

சொதிக்குத் தேவையான பொருட்களில் பெரும்பாலானவை இவ்வட்டாரத்திலேயே கிடைக்கின்றன. குற்றால மலையில் தோன்றி அருவியாக விழுந்து தாமிரபரணியில் கலக்கும் சிற்றாறு, தென்காசிச் சுற்றுப்புற வயல்களுக்கும் தோப்புகளுக்கும் நீர் தருகிறது. குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டைப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் மிகுதி. புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்பெற்றது. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கும் காய்கறிகள் செல்கின்றன.

தென்மேற்குப் பருவமழையின்போது, ஜூன் முதல் செப்டம்பர் வரை, குற்றாலத்தில் சாரல் காலம் நிலவுகிறது. அருவியில் குளிக்க வரும் வெளியூர்ப் பயணிகள் இவ்வட்டார உணவாகப் பெரும்பாலும் பிரானூர் 'பார்டர்' பகுதியின் பரோட்டாக் கடைகளையே அறிந்துள்ளனர். சொதி பெரும்பாலும் வீட்டிலும் திருமணப் பந்தியிலும் சமைக்கப்படும் உணவாகையால் அந்த அளவுக்கு வெளியில் அறியப்படவில்லை.

மறுவீட்டு விருந்து

திருநெல்வேலி வட்டாரச் சைவ வேளாளர் திருமணங்களில் சொதி விருந்து சிறப்பிடம் பெறுகிறது. திருமணத்துக்கு அடுத்த நாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து விருந்தளிப்பது வழக்கம். திருமண நாளன்று சாம்பார், ரசம், பாயசம் எனப் பல வகைகள் இலையில் இடம்பெறும். மறுநாள் விருந்தில் சொதி முதலிடம் பெறும். இந்த விருந்தைச் 'சொதிச் சாப்பாடு' என்றே குறிப்பிடுவர்.

ஒரு பந்திக்குச் சொதி வைக்க ஏராளமான தேங்காய்களைத் துருவிப் பாலெடுக்க வேண்டும். முன்னர் இவ்வேலை முழுவதும் கையால் செய்யப்பட்டது. இத்தகைய செலவும் உழைப்பும் கோரும் உணவைப் பரிமாறுவது விருந்தினருக்குச் செய்யும் மரியாதையாகக் கருதப்பட்டது. மின் அரவை இயந்திரம் வீடுகளுக்கு வந்தபின் பாலெடுப்பது எளிதாயிற்று. இன்று இவ்வட்டாரத்தின் பிற சமூகத்தினரும் விடுமுறை நாட்களில் வீட்டில் சொதி வைக்கின்றனர்.

தேங்காய்ப்பாலின் தன்மை

தேங்காய்ப்பால் ஒரு பால்மம் ஆகும். அதாவது, நீரில் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் பரவியிருக்கும் கலவை ஆகும். எண்ணெயும் நீரும் இயல்பாக ஒன்றுசேர்வதில்லை. தேங்காயில் உள்ள புரதங்கள் எண்ணெய்த் துளிகளைச் சுற்றி மெல்லிய உறைபோல் அமைந்து, அவை ஒன்றோடொன்று சேராமல் தடுக்கின்றன.

இந்தப் புரத உறை இரண்டு காரணங்களால் சிதைகிறது.

* வெப்பம்: ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்கு மேல் தேங்காய்ப் புரதங்கள் உருக்குலைந்து திரளத் தொடங்குகின்றன. தொடர்ந்து கொதித்தால் எண்ணெய் தனியே பிரிந்து மேலே மிதக்கும்.
* அமிலம்: புரதங்களின் மீதுள்ள ஒத்த மின்னேற்றமே துளிகளை விலக்கி வைக்கிறது. எலுமிச்சைச் சாறு போன்ற அமிலம் சேரும்போது மின்னேற்றம் குறைந்து, துளிகள் ஒன்றுசேர்ந்து கட்டியாகின்றன.

கொதிக்கும் குழம்பில் எலுமிச்சை பிழிந்தால் இவ்விரண்டும் ஒரே நேரத்தில் நிகழும். பால் உடனே திரிந்துபோகும். சொதியை அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்ட பின்னரே எலுமிச்சை பிழிய வேண்டும் என்று வீடுகளில் சொல்லப்படுவதற்குக் காரணம் இதுவே.

தேங்காயிலிருந்து மூன்று முறை பாலெடுக்கும் வழக்கமும் இத்தன்மையை ஒட்டி அமைந்தது. முதற்பாலில் எண்ணெய் மிகுதி. அது விரைவில் பிரியும். மூன்றாம் பால் நீர்த்தது; நன்றாகக் கொதித்தாலும் அதிகம் கெடாது. ஆகவே நீண்ட நேரம் வேகவேண்டிய காய்கள் மூன்றாம் பாலில் வேகவைக்கப்படுகின்றன. முதற்பால் கடைசியில் சேர்க்கப்படுகிறது. குழைய வெந்த பாசிப்பருப்பு குழம்பைக் கெட்டியாக்கி, எண்ணெய்த் துளிகள் எளிதில் ஒன்றுசேராமல் இருக்கவும் துணைசெய்கிறது.

தேவையான பொருட்கள்

பின்வரும் அளவு 5 பேர் கொண்ட குடும்பத்துக்குப் போதுமானது.

* நன்கு முற்றிய பெரிய தேங்காய் – 1
* பாசிப்பருப்பு – 75 கிராம்
* உருளைக்கிழங்கு – 2
* கேரட் – 1
* பீன்ஸ் – 10
* முருங்கைக்காய் – 1
* பச்சைப் பட்டாணி – அரைக் கோப்பை
* சின்ன வெங்காயம் – 15
* பூண்டு – 10 பல்
* பச்சை மிளகாய் – 6
* இஞ்சி – 2 அங்குலத் துண்டு
* எலுமிச்சம்பழம் – 1
* நெய் அல்லது தேங்காய் எண்ணெய் – 2 தேக்கரண்டி
* கடுகு, சீரகம், கறிவேப்பிலை, உப்பு – தேவையான அளவு

செய்முறை

1. தேங்காயைத் துருவி, 150 மி.லி. வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துப் பிழிந்து முதற்பால் எடுக்க வேண்டும். அதே சக்கையில் 300 மி.லி. நீர் விட்டு இரண்டாம் பாலும், பின்னர் 500 மி.லி. நீர் விட்டு மூன்றாம் பாலும் எடுத்துத் தனித்தனியே வைக்க வேண்டும்.

2. பாசிப்பருப்பை வாசம் வரும்வரை இலேசாக வறுத்து, தனியே குழைய வேகவைத்து மசித்துக்கொள்ள வேண்டும். இதற்கு அழுத்தச் சமையற்கலனைப் பயன்படுத்தலாம். ஆனால் தேங்காய்ப்பாலை அதில் வேகவைக்கக் கூடாது.

3. இஞ்சியில் பாதியைப் பச்சை மிளகாயுடன் அரைத்துக்கொள்ள வேண்டும். மீதியை நசுக்கிச் சாறு பிழிந்து சிறிது நேரம் தெளியவிட வேண்டும். அடியில் தங்கும் வெண்மையான மண்டியை நீக்கி, மேலுள்ள தெளிந்த சாற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

4. அடி கனமான பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டு, சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்க வேண்டும். அரைத்த விழுதைச் சேர்த்துப் பச்சை வாசம் நீங்கும்வரை கிளற வேண்டும்.

5. மூன்றாம் பாலை ஊற்றி, முதலில் கேரட், பீன்ஸ், பட்டாணி ஆகியவற்றையும், சிறிது நேரம் கழித்து உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் ஆகியவற்றையும் போட வேண்டும். உப்புச் சேர்த்துக் காய்கள் முழுவதும் வேகும்வரை கொதிக்கவிடலாம். இதற்குப் பின்னர் நீண்ட நேரம் கொதிக்கவிட இயலாது என்பதால் காய்கள் இந்நிலையிலேயே வெந்திருக்க வேண்டும்.

6. மசித்த பருப்பையும் இரண்டாம் பாலையும் சேர்த்து, தீயைக் குறைத்து 5 நிமிடம் வைக்க வேண்டும். அடிபிடிக்காமல் அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.

7. முதற்பாலை ஊற்றி இலேசாகக் கிளற வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் நுரை கூடி வரும்போதே, கொதி வருமுன், அடுப்பை அணைத்துவிட வேண்டும். பின்னர் இஞ்சிச் சாற்றை ஊற்ற வேண்டும்.

8. மீதி நெய்யில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்துச் சேர்க்க வேண்டும். விரும்பினால் முந்திரிப்பருப்பும் வறுத்துச் சேர்க்கலாம்.

9. 10 நிமிடம் திறந்தபடி ஆறவிட்டு, எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்க வேண்டும்.

எலுமிச்சையை முன்கூட்டியே சேர்க்காமல் இருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. புளிப்புள்ள நீரில் காய்களும் பருப்பும் மெதுவாகவே வேகும்.

ஏற்படக்கூடிய குறைபாடுகள்

எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் குழம்பு அதிகம் கொதித்துவிட்டது என்று பொருள். வெண்கட்டிகள் தோன்றினால் சூடாக இருக்கும்போதே எலுமிச்சை சேர்க்கப்பட்டுள்ளது. இவ்விரு நிலைகளிலும் குழம்பு உண்ணத் தகாததாகிவிடுவதில்லை. அதன் வழவழப்புத் தன்மை மட்டுமே மாறுகிறது. மேலும் சிறிது மசித்த பருப்பைச் சேர்த்துக் கலக்கினால் ஓரளவு சரிசெய்யலாம்.

ஆனால் புளித்த வாசம் வந்தால் அது வேறு. தேங்காய்ப்பாலில் நீரும் சத்தும் மிகுதியாக இருப்பதால் வெப்பமான காலநிலையில் நுண்ணுயிரிகள் விரைவாகப் பெருகும். எனவே பிழிந்த பாலை நெடுநேரம் வெளியில் வைக்காமல் உடனே பயன்படுத்துவதும், சொதியைச் சமைத்த வேளையிலேயே உண்டு முடிப்பதும் நல்லது. புளித்துவிட்ட சொதியை உண்ணக் கூடாது.

உடன் பரிமாறப்படுபவை

சொதிக்கு இஞ்சிப் பச்சடி அல்லது இஞ்சித் துவையல் இன்றியமையாத துணை உணவாகும். இஞ்சி, புளி, வெல்லம், மிளகாய் வற்றல் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் இது கருநிறமாகவும் உறைப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் கலந்ததாகவும் இருக்கும். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் ஏற்படும் மந்தத்தை இஞ்சி போக்கும் என்பது மரபான நம்பிக்கை. சுவை அடிப்படையிலும் மிதமான சொதிக்கு உறைப்பான பச்சடி பொருந்துகிறது. உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் ஆகியவையும் உடன் பரிமாறப்படுகின்றன.

பிற உணவுகளுடன் ஒப்பீடு

தென்காசியை அடுத்த செங்கோட்டை, 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்படும்வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. மலைக்கு அப்பால் கேரளத்தில் ஆப்பத்துடன் உண்ணப்படும் 'இஷ்டு' சொதியைப் பெரிதும் ஒத்தது. தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு, இஞ்சி, பச்சை மிளகாய் ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவை. ஆயினும் இஷ்டுவில் பட்டை, கிராம்பு, ஏலம் ஆகியவை மணம் தருகின்றன, பருப்புச் சேர்க்கப்படுவதில்லை. சொதியில் பருப்பு உண்டு. பட்டை, கிராம்பு பொதுவாக இல்லை.

வட ஆப்பிரிக்க நாடான மொரோக்கோவின் தஜின் என்னும் உணவும் ஒரே பாத்திரத்தில் குடும்பத்துக்காகச் சமைக்கப்படும் குழம்பு வகையே. கூம்பு வடிவ மூடியுள்ள மண்பாத்திரத்தின் பெயரே உணவுக்கும் ஆகிவந்தது. இதிலும் இஞ்சியும், உப்பிலிட்ட எலுமிச்சையும் சேர்க்கப்படுவது உண்டு. தஜினில் தேங்காய்ப்பால் இல்லை; எனவே மூடியபடி சிறுதீயில் நெடுநேரம் வேகவைக்கலாம்; எலுமிச்சையும் அடுப்பில் இருக்கும்போதே சேர்க்கப்படலாம். இரண்டிலும் சுவைப்பொருட்கள் சில ஒன்றாக இருந்தும், தேங்காய்ப்பால் என்னும் ஒரு பொருளால் சமைக்கும் முறை வேறுபடுகிறது.

ஊட்டச்சத்து

பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு உள்ளது. அதாவது, 300 கிராம் பருப்புள்ள ஒரு தேங்காயில் சுமார் 100 கிராம் கொழுப்பு இருக்கும். இதில் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருங்கிய அளவு நிறைவுற்ற கொழுப்பு. இக்கொழுப்பு முழுவதும் பாலில் இறங்குவதில்லை. முழுவதும் இறங்குவதாகக் கொண்டால், 5 பேருக்குப் பகிரும்போது ஒருவருக்குச் சுமார் 18 கிராம் நிறைவுற்ற கொழுப்புச் சேரும்.

நாள்தோறும் பெறும் ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்பவருக்கு இது சுமார் 22 கிராம் ஆகும். எனவே ஒரு வேளைச் சொதி ஒரு நாளைய வரம்பில் பெரும்பகுதியை நிரப்பிவிடக்கூடும். இதயநோய் உள்ளவர்கள் முதற்பாலின் அளவைக் குறைத்து, பருப்பையும் காய்களையும் கூட்டிச் சமைக்கலாம். மறுவீடு போன்ற சிறப்பு நாட்களில் மட்டும் சொதி வைக்கும் பழைய வழக்கம் இவ்வகையிலும் பொருத்தமானதே.