செடிக்கு ஒரு டிகாக்ஷன்

பில்டரில் டிகாக்ஷன் இறங்காவிட்டால் காலை வேளையில் வீடு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடித் தோட்டம் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு மாலை வேளையிலும் இந்தச் சங்கடம் உண்டு. ஆசையோடு எருச்சாறு தயாரித்து, தெளிப்பானில் ஊற்றி, ரோஜாச் செடியைப் பார்த்து ஓர் அமுக்கு அமுக்கினால், பூந்தூறலாய் வர வேண்டியது சொட்டுச் சொட்டாய் வடிகிறது. பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. தெளிப்பான் பேரில் பழி போடாதீர்கள். வடிகட்டியது போதவில்லை!

இங்கிலீஷில் இதற்குக் 'கம்போஸ்ட் டீ' என்று பெயர். டீ என்றதும் கோப்பையைத் தேட வேண்டாம். நன்றாக மக்கிய சமையலறைக் கழிவு உரத்தைத் தண்ணீரில் ஊற வைத்து எடுக்கும் சாறுதான் இது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பூச்செடி வாங்கி வந்து மாடியில் வைப்பவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டும். தோல் பதனிடும் தொழில் வளர்ந்த வட்டாரம் இது. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பேறிக் கிடக்கிறது. உப்பு நீர் செடிக்கும் ஆகாது. காய்ந்தால் தெளிப்பானின் துவாரத்திலும் வெள்ளையாய்ப் படியும். தமிழ்நாட்டில் 2003-ல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று அல்லவா? அந்த மழைநீரில் ஒரு குடம் பிடித்து வைத்தால் இதற்கு மிக உசிதம். குழாய்த் தண்ணீரானால் ஓர் இரவு திறந்து வைத்து, குளோரின் வாடை போன பிறகு உபயோகியுங்கள்.

வடிகட்டும் பக்குவம்

உரம் கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண் போல் மணக்க வேண்டும். காய்கறித் தோல் இன்னும் அடையாளம் தெரிந்தால் பக்குவம் போதாது. ஒரு பங்கு உரத்தைப் பழைய துணியில் தளர மூட்டை கட்டி, பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு நாள் ஊற விடுங்கள். அவ்வப்போது கிளறிக் கொடுங்கள். மூட்டை கட்டினாலே வடிகட்டுகிற வேலையில் பாதி முடிந்த மாதிரி.

மறுநாள் மூட்டையை எடுத்துவிட்டு, சாற்றை அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். கசடு அடியில் தங்கும். மேல் தெளிவை மட்டும் முதலில் கொசுவலைத் துண்டில் வடியுங்கள். பிறகு பழைய பருத்தி வேட்டியை இரண்டாய் மடித்து, நனைத்துப் பிழிந்து, அதில் வடியுங்கள். அவசரப்பட்டுத் துணியை முறுக்கிப் பிழிந்தீர்களோ, நுண்ணிய கசடெல்லாம் மறுபடி கீழே வந்துவிடும். தானாக இறங்கட்டும். அடிக்கசடை வீணாக்காமல் பூந்தொட்டி மண்ணில் போடுங்கள். வேரில் ஊற்றுவதற்கு மட்டும் என்றால் இந்தச் சிரமம் எதுவும் தேவையில்லை. அப்படியே ஊற்றலாம்.

கொடுமுடி டாக்டர் கே. நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்துக்கும் இந்த விதி உண்டு. நூறு லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் பஞ்சகவ்யம் என்று அளவு சொல்லும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், விசைத் தெளிப்பானில் ஊற்றுமுன் கசடை வடிகட்ட வேண்டும் என்கிறது. கைத்தெளிப்பானுக்குப் பெரிய துவாரமுள்ள மூக்கைப் போடச் சொல்கிறது.

வடித்த சாற்றை அன்றைக்கே, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். அழுகல் வாடை அடித்தால் தெளிக்க வேண்டாம், எருக்குழியிலேயே கொட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் தெளிப்பானில் நல்ல தண்ணீர் ஊற்றி நாலு தடவை அடித்துக் கழுவுங்கள். மூக்கு அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுகிற பழக்கம் மட்டும் கூடவே கூடாது! வெந்நீரில் ஊற வைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள்.

துணிக்கு அகப்படாதவை

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்கிறீர்களா? வேட்டித் துணி கசடைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்காது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை கிருமிகளை ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 500 வரிசையாக நிறுத்தலாம். எட்டு மடிப்புத் துணி போட்டாலும் அவை சுகமாய் இறங்கி வந்துவிடும். சாறு கண்ணாடி போல் தெளிந்திருப்பதால் மட்டும் சுத்தமாகிவிட்டதாக எண்ணக் கூடாது.

எருச்சாற்றைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க இயற்கை வேளாண்மைத் தரக் குழு ஒன்று, 2004-ல் கொடுத்த அறிக்கையில் முக்கியமான ஓர் எச்சரிக்கை செய்தது. வெல்லப்பாகு போன்றவற்றைச் சேர்த்தால் தீய கிருமிகளும் பெருகக்கூடும் என்பதே அது. "ஒரு துண்டு வெல்லம் போட்டால் சாறு வீரியமாகும்" என்று அடுத்த வீட்டு மாமி சொன்னால், மரியாதையாய்க் கேட்டுக்கொண்டு வெல்லத்தைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மக்காத சாணமும் சேர்க்க வேண்டாம்.

செம்பருத்தி, ரோஜா, மல்லிகை ஆகியவற்றின் இலைகளில் தாராளமாய்த் தெளியுங்கள். கீரை, கொத்தமல்லி, புதினா இவற்றின் இலைமேல் மட்டும் வேண்டாம். வேரோரம் மண்ணில், இலையில் தெறிக்காமல் ஊற்றினால் போதும். தெளித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வடிகட்டிய துணியும் வலையும் தோட்டத்துக்கென்றே தனியாய் இருக்கட்டும்.

கொத்தமல்லிச் சட்னியைப் பச்சையாய் அரைத்துத்தானே குழந்தைகளுக்குப் போடுகிறோம்? செடிக்குக் கொடுத்த டிகாக்ஷன் செடியோடு நிற்கட்டும்!