கத்திப் பூணுக்கு எந்த எவர்சில்வர்?

தோட்டத்தில் பாராங் கத்தி இல்லாத வீடு உண்டா? புல் வெட்ட, மட்டை கழிக்க, வேலி முள்ளைச் சாய்க்க எல்லாத்துக்கும் அதுதான். கடைக் கத்தியின் பிடி சீக்கிரம் ஆடிப்போகிறதே என்று நம் ஆட்கள் சிலர் லாரி ஸ்பிரிங் தகட்டைத் தேய்த்துத் தாங்களே கத்தி செய்துகொள்கிறார்கள். அலகு நல்லாத்தான் அமைகிறது. பிடியின் வாயில் போடுகிற பூணுக்கும், விரல் வழுக்கி அலகில் ஏறாதபடி வைக்கிற தடுப்புக்கும் மட்டும் கையில் கிடைத்த தகட்டை வெட்டி மாட்டிவிடுகிறார்கள். மழையில் நனைந்த கையோடு ஓங்கும்போது விரலைக் காப்பது அந்தச் சின்னத் துண்டுதானே, தோழர்களே!

முன்பெல்லாம் பித்தளைப் பூண். பார்க்க அழகு, அரத்துக்கும் மசியும். ஆனால் ரப்பர் தோட்டத்துக்கு ஆகாது. பால் உறையாமலிருக்க ஊற்றுகிற அமோனியா, அடித்து இறுக்கிய பித்தளையை வெடிக்க வைக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் பட்டாளத்துத் தோட்டாக்களின் பித்தளை உறை, குதிரை லாயத்துப் பக்கம் வைத்திருந்தபோது மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டது. லாயத்து மூத்திரத்தின் அமோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கம் வந்தது. போதாததற்கு, பித்தளையிலுள்ள செம்பு பட்டால் ரப்பரும் கெடும்.

ஆகவே எவர்சில்வர். அதிலும் எல்லாம் ஒன்றல்ல, எண் பார்த்து வாங்கணும். 304 என்பதில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். பாத்திரத்தில் 18/8 என்று அடித்திருக்குமே, அந்த ஜாதி. 316-இல் 2, 3 பங்கு மாலிப்டினமும் சேரும். உப்புக் காற்று அடிக்கிற கடலோரத் தோட்டத்துக்கு உத்தமம், விலைதான் கூட. 303, 416 இரண்டிலும் கந்தகம் கலப்பார்கள். துளைக்கவும் ராவவும் சுலபம் என்பதால் அமெரிக்காவில் கத்தி செய்கிறவர்களுக்கு 416 பிரியம். கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற கத்திக்கு அது சரி. அதில் குரோமியம் 12 முதல் 14 பங்குதான். நம் வியர்வைக்குப் புள்ளி விழும். நம் சிபாரிசு 304, தடுப்புக்கு 4 மில்லிமீட்டர் கனம். பழைய தட்டு, சிங்க் எல்லாம் மெலிசு, வளைந்து போகும்.

பழைய இரும்புக் கடைக்குக் காந்தம் கொண்டு போங்கள். பளிச்சென்று ஒட்டினால் 304 இல்லை. ஒட்டாவிட்டாலும் நம்பிவிட வேண்டாம், மாங்கனீசு கலந்த மலிவு 201-உம் ஒட்டாது. எண் அச்சடித்த தகட்டிலிருந்து உங்கள் கண் முன்னே வெட்டித் தரச் சொல்லுங்கள்.

304-ஐத் துளைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேகமாகச் சுற்றி லேசாக அழுத்தினால் அந்த இடம் இறுகி, துளைக்கிற பிட் மழுங்கும். மெதுவாகச் சுற்றி, பலமாக அழுத்தி, எண்ணெய் விடணும். தடுப்பை அலகோடு வெல்டிங் வைக்காதீர்கள். அலகு நீலம் பாய்ந்தால் பதம் போச்சு! ஓரங்களையும் உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தடுப்பே கையைக் கிழிக்கும்.

பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. பூண் பளபளவென்று இருக்கும். உள்ளே பிடிக்குள் போகிற வால் ஸ்பிரிங் இரும்பு. எவர்சில்வரை ஒட்டி ஈரம் தங்கினால் அந்த இரும்பு இன்னும் வேகமாகத் துருவேறும். ஒரு நாள் ஓங்கும்போது அலகு கழன்று பக்கத்து ஆள் மேல் பாயும். அதனால் துவாரத்தை இறுக்கமாக ராவி, எப்பாக்சி பசையால் இடைவெளியை அடையுங்கள். பூண் ஓரத்தில் செந்நீர் கசிந்தால் அன்றைக்கே பிடியைக் கழற்றிப் பார்க்கணும்.

வீட்டுக் கத்திக்கு இது போதும். நிர்வாகத்தின் வேலைக்குப் பத்திரமான கத்தி கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, அச்சட்டப்படி செய்து தருகிற எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது. சம்பளச் சீட்டில் கத்திக்கோ பிடிக்கோ பிடித்தம் இருந்தால், சீட்டைப் பத்திரப்படுத்தித் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் காட்டுங்கள்.