மாகாண முதல்வர்கள்

நுழையும்முன்

முதலமைச்சர் என்னும் பதவி இன்று நமக்கு மிகவும் பழகிய ஒன்று. ஆயினும், அப்பதவி ஒரே நாளில் இன்றைய வடிவத்தைப் பெற்றுவிடவில்லை. பெயர் முதலில் வந்தது. அதிகாரம் மெல்ல மெல்லப் பின்னால் வந்தது. சென்னை மாகாணத்தில் 1920 முதல் 1950 வரை நடந்த அந்த முப்பதாண்டுப் பயணத்தை இப்பாடம் விளக்குகிறது.

மறுத்தவரும் ஏற்றவரும்

சென்னைத் தியாகராய நகரின் நடுவே பனகல் பூங்கா அமைந்துள்ளது. துணிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் வருவோர் கூட்டம் ஓயாத அவ்விடத்தில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர், மாகாண அரசின் தலைமைப் பதவி தம்மை நாடி வந்தபோது அதனை ஏற்க மறுத்தவர். பூங்காவுக்குப் பெயர் தந்த பனகல் அரசர், அதே பதவியில் ஐந்தாண்டுகளுக்கு மேல் இருந்தவர். ஏற்றவருக்குப் பூங்காவும் மறுத்தவருக்கு ஒரு நகரமுமே கிடைத்திருப்பது சற்று வியப்பானதுதான்.

அக்காலச் சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாட்டோடு கடலோர ஆந்திரம், இராயலசீமை, மலபார், கன்னடப் பகுதிகள் சில ஆகியவற்றையும் உள்ளடக்கிய பெருநிலப்பரப்பு. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் இங்கு ‘இரட்டையாட்சி’ என்னும் முறையைக் கொண்டுவந்தது. அதன்படி ஆட்சித்துறைகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை போன்றவை சட்டமன்றத்திற்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நிதி, காவல், நிலவரி, பாசனம் முதலியவற்றை ஆளுநர் தம் நிருவாகக் குழுவினரிடமே வைத்துக்கொண்டார். பள்ளி திறக்க அமைச்சர் விரும்பலாம். அதற்குப் பணம் ஒதுக்கும் பெட்டியின் சாவி வேறொருவர் கையில் இருந்தது.

1920 நவம்பரில் நடந்த முதல் தேர்தலில் சொத்தும் வரியும் அடிப்படையாக அமைந்ததால் மக்களுள் மிகச் சிலரே வாக்களிக்க முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களுள் 63 இடங்களை நீதிக்கட்சி பெற்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு, அக்கட்சியின் தலைவரான தியாகராயரை அமைச்சரவை அமைக்க அழைத்தார். அவர் ஏற்கவில்லை, தமக்கு மாற்றாக அ. சுப்பராயலு ரெட்டியாரின் பெயரை முன்மொழிந்தார். 1920 திசம்பர் 17இல் சுப்பராயலு பொறுப்பேற்றார். 1919ஆம் ஆண்டுச் சட்டம் அமைச்சர்களைப் பற்றிப் பேசியதே தவிர, அவர்களுக்கு ஒரு தலைவரை வரையறுக்கவில்லை. பெரும்பான்மைக் கட்சியின் தலைவரை அழைத்து, அவர் விருப்பப்படி உடன் அமைச்சர்களை அமர்த்தும் வழக்கம் இவ்வாறு எழுதாத மரபாகவே இங்கு வேர்கொண்டது.

சுப்பராயலு உடல்நலக் குறைவால் 1921 சூலையில் விலகினார். அவரது குறுகிய காலத்திலேயே, 1921 ஏப்ரல் 1 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் தீர்மானத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது.

ஏரி நகரமான கதை

அடுத்து வந்தவர் இராமராயநிங்கார் என்னும் பனகல் அரசர். உள்ளாட்சித் துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. அந்நாளில் சென்னையின் மேற்கெல்லையில் மாம்பலம் வழியாக நீண்ட ஏரி ஒன்று கிடந்தது. பெருகிவந்த மக்களுக்குக் குடியிருப்பு வேண்டி, அவ்வேரியின் பகுதியைத் தூர்த்து 1923க்கும் 1925க்கும் இடையில் புதிய நகர் அமைக்கப்பட்டது. அதுவே தியாகராய நகர். நகரமைப்பு, ஒப்படைக்கப்பட்ட துறைகளுக்குள் அடங்கியது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அமைச்சரின் கை எட்டிய எல்லைக்குள் எது சாத்தியமோ அதற்கு இந்நகரம் ஒரு சான்று. ஏரியை இழந்ததன் விலையைப் பிற்காலச் சென்னை மழைக்காலங்களில் கொடுத்துவருவது வேறு செய்தி. இந்து சமய அறநிலையச் சட்டமும் இவர் காலத்தில் 1925இல் நிறைவேறியது.

கை எட்டாத எல்லையைச் சுட்டிக்காட்டியவர் அதே அமைச்சரவையில் இருந்த கூர்மா வேங்கட ரெட்டி நாயுடு. பதவியிலிருந்து விலகிய பின், 1924இல் சீர்திருத்த ஆய்வுக் குழுவின்முன் அவர் தம் நிலையை விளக்கினார். வேளாண்மைக்கு அவர் அமைச்சர். பாசனம் அவரிடம் இல்லை. தொழில்துறைக்கு அவர் அமைச்சர். தொழிற்சாலைகளும் மின்சாரமும் அவரிடம் இல்லை. இரட்டையாட்சியின் குறையை இதைவிடத் தெளிவாக உணர்த்திய சாட்சியம் அரிது.

ஆயினும் சட்டமன்றம் தன் உரிமையைப் பயன்படுத்தத் தயங்கவில்லை. 1923 நவம்பரில் பனகல் அமைச்சரவைமீது சி.ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். இருபதுக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் தீர்மானம் தோற்றது. அரசு பிழைத்தது, ஆனால், மக்கள் பிரதிநிதிகளின் கேள்விக்கு அரசின் தலைவர் விடைசொல்லியாக வேண்டும் என்னும் நெறி நிலைபெற்றது.

1926 தேர்தலில் மிகுதியான இடங்களை வென்ற சுயராச்சியக் கட்சி, இரட்டையாட்சியில் பதவியேற்பதில்லை என்ற கொள்கையால் ஒதுங்கி நின்றது. கட்சி சாராத ப. சுப்பராயன் முதல்வரானார். அவரைத் தொடர்ந்து முனுசாமி நாயுடு, பொப்பிலி அரசர், இடையில் சில மாதங்கள் பி.டி. இராசன் ஆகியோர் அப்பதவியில் இருந்தனர்.

தெரிந்து தெளிவோம்

1937 முதல் 1950 வரை மாகாண அரசின் தலைவர் ‘பிரதமர்’ என்றே அழைக்கப்பட்டார். இராசாசியும் ஓமந்தூராரும் சென்னை மாகாணப் பிரதமர்கள்.

முழுமையை நோக்கி

1935ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை நீக்கியது. துறைகள் அனைத்தும் அமைச்சர்களிடம் வந்தன. 1937 தேர்தலில் சட்டப்பேரவையின் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரசு வென்றது. எனினும், ஆளுநரின் சிறப்பு அதிகாரங்கள் அன்றாட ஆட்சியில் குறுக்கிடா என்ற உறுதி வேண்டும் எனக் கூறி அக்கட்சி பதவியேற்க மறுத்தது. இடைக்கால அரசின் தலைவராக ஏப்ரலில் அமர்ந்தவர், அன்று சாட்சியம் அளித்த அதே வேங்கட ரெட்டி நாயுடு. பேரவையில் பெரும்பான்மை இல்லாத அவரது அரசு நான்கு மாதங்களைக்கூட எட்டவில்லை. அரசப் பிரதிநிதியின் விளக்கம் வெளியான பின், சூலை 14இல் இராசாசி பொறுப்பேற்றார்.

பனகல் அரசருக்கு இல்லாத நிதியதிகாரம் இராசாசிக்கு இருந்தது. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்க முடிந்ததும், 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவர முடிந்ததும் அதனால்தான். அதிகாரம் பெருகியபோது எதிர்ப்பும் பெருகியது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆணையை எதிர்த்துப் பெரியார் உள்ளிட்ட பலர் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போது நோயுற்று உயிர்நீத்தனர். ஆட்சியின் தவற்றுக்கு ஆளுநரைச் சுட்டிக்காட்டி ஒதுங்கும் வாய்ப்பு இப்போது முதல்வருக்கு இல்லை. 1940 பிப்ரவரியில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பே, இந்தியரைக் கலந்துகொள்ளாமல் நாட்டை உலகப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து 1939 அக்டோபரில் இராசாசியின் அமைச்சரவை பதவி விலகியிருந்தது. பின்னர் 1946 வரை ஆளுநரின் நேரடி ஆட்சியே நடைபெற்றது.

போருக்குப்பின் பொறுப்பேற்ற பிரகாசம், சொந்தக் கட்சியினரின் ஆதரவை இழந்து ஓராண்டுக்குள் விலகினார். அவருக்குப்பின் வந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில் நாடு விடுதலை பெற்றது. தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் 1947இலும், சமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948இலும் நிறைவேறின. முதல்வர்களாகவே சமீன்தார்கள் அமர்ந்திருந்த மாகாணத்தில் அம்முறையே முடிவுக்கு வந்தது.

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, முதலமைச்சரை ஆளுநர் அமர்த்துவார் என்றும், பிற அமைச்சர்களை முதலமைச்சரின் அறிவுரைப்படியே அமர்த்துவார் என்றும், அமைச்சரவை சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்றும் எழுதிவைத்தது. அன்று அப்பொறுப்பில் இருந்தவர் பூ.ச. குமாரசாமி ராசா. மாகாணப் பிரதமராக 1949 ஏப்ரலில் பதவியேற்ற அவர், அந்நாள் முதல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார்.