ஓட்டுநரைத் தூங்கவிடாத சுரங்கம்

மேற்கு நார்வேயில், மலைகளுக்கு நடுவே 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே புகுந்து கிடக்கும் கடல்நீருக்குச் சோங்னே ஃபியோர்டு என்று பெயர். அதன் கிளைகளின் கரைகளில் அவுர்லாண்ட், லேர்டால் என்று இரண்டு சிற்றூர்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு: ஒன்று மலைமேல், இன்னொன்று மலைக்குள்.

மேலே போவது ‘பனிச்சாலை’. அவுர்லாண்டை விட்டதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். 650 மீட்டர் உயரத்தில் ஸ்டேகாஸ்டைன் காட்சிமேடை. மரமும் எஃகும் கொண்டு கட்டிய அந்த மேடை, மலையிலிருந்து 30 மீட்டர் அந்தரத்தில் நீளும். முனையில் தடுப்பாக இருப்பது வெறும் கண்ணாடி. அதற்கும் மேலே மரமே இல்லாத பாறைவெளி, ஏரிகள், ஜூன் மாதத்திலும் சாலையோரம் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பனி. 1,306 மீட்டர் வரை ஏறி, பிறகு லேர்டாலுக்கு இறங்க வேண்டும். குளிர்காலத்தில் இந்த மலைப்பாதை மூடிக் கிடக்கும்.

ஆனால் ஓஸ்லோ, பெர்கன் நகரங்களை இணைக்கும் நெடுஞ்சாலை பனிக்காகக் காத்திருக்க முடியாது. அதனால் மலையையே குடைந்தார்கள். 1995இல் தொடங்கிய வேலை 2000இல் முடிந்தது. நீளம் 24.5 கிலோமீட்டர், உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம் இதுதான்.

பாறையைக் குடைவதோடு சிக்கல் தீரவில்லை. உள்ளே ஏறக்குறைய இருபது நிமிடப் பயணம். ஒரே சுவர், ஒரே வெளிச்சம். எவ்வளவு தூரம் வந்தோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதே ஓட்டுநருக்கு மறந்துபோகும்; கண் சொருகும். உளவியலாளர்களின் ஆலோசனைப்படி, ஆறு கிலோமீட்டருக்கு ஒன்றாக மூன்று பெரிய குகைகளை அமைத்தார்கள். மேலே நீல ஒளி, அடியில் மஞ்சள் ஒளி. விடியற்காலை வானத்தின் சாயல். அங்கே வண்டியை நிறுத்தி இளைப்பாறலாம், திருப்பியும் போகலாம். நிறுத்தாமல் கடந்தாலும் மனம் ஒருமுறை விழித்துக்கொள்ளும். நீண்ட பயணம் நான்கு சிறு பயணங்களாகிவிடும். சாலையும் நேர்கோடாக ஓடாமல் மெல்ல வளைந்து செல்கிறது.

அடுத்தது மூச்சு. இரு வாயில்கள் வழியாகவும் காற்று உள்ளே வருகிறது. புகை கலந்த காற்றை வேறொரு சுரங்கம் வழியாகப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு வெளியேற்றுகிறார்கள். போதாததற்கு, மின்னேற்றத்தால் தூசியை ஈர்க்கும் சுத்திகரிப்பு நிலையமும் உள்ளேயே உண்டு.

இன்று லாரிகளும் அவசரக்காரர்களும் மலைக்குள் போய்விடுகிறார்கள். அதனால்தான் கோடையில் மலைமேல் போகிறவர்கள் பனிச்சாலையில் நிதானமாக, நின்று நின்று போக முடிகிறது.